மூணு ஷிப்டும் அம்மாவுக்கே!

ஓசூர்ப் பக்கம் டீக்கடையில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் நலம் விசாரிப்பதே, "இந்த வாரம் என்ன ஷிப்ட்?" என்றுதான். ஏ ஷிப்ட் என்றால் காலை 6 மணிக்கு உள்ளே போய் மதியம் 2 மணிக்கு வெளியே வரலாம். பி ஷிப்ட் மதியம் 2 முதல் இரவு 10. சி ஷிப்ட் இரவு 10 முதல் மறுநாள் காலை 6. கம்பெனிக்குக் கம்பெனி அரைமணி முன்னே பின்னே இருக்கும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த ஊர் இந்தக் கணக்கில்தான் எழுந்து, தூங்கி, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று வாழ்கிறது. மெஷின் நிற்கக் கூடாது. அதே சமயம் ஓர் ஆள் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கை தவறும். இரண்டையும் யோசித்துப் பார்த்த பிறகு வந்த ஏற்பாடு அது.

அதே ஊரில், அதே தொழிலாளியின் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. அதற்கும் 24 மணி நேரமும் ஆள் வேண்டும். அங்கே மட்டும் ஏ, பி, சி மூன்றுக்கும் ஒரே ஆள். அதுவும் தையல் ஆறாத பச்சை உடம்புக்காரி.

வெளியூர்க்காரர்களுக்கு ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி என்றால் அணையும் நுரையும்தான் ஞாபகம் வரும். நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவையும் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டும் தென்பெண்ணை, தமிழ்நாட்டில் முதலில் தேங்கி நிற்பது இங்கே. அணையிலிருந்து ஓசூர் வரைக்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. தர்மபுரி, திருவண்ணாமலை, சேலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து குடும்பமாகத் தங்கிவிட்டவர்கள் ஏராளம். ராகி விளைந்த நிலங்களில் இன்று லைன் வீடுகள் நிற்கின்றன.

அப்படி ஒரு வீட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எந்தத் தெருவிலும் ஒன்று இருக்கும். ஒரே அறை, மூலையில் சமையல் மேடை. ஃபேன் மாட்டிய கம்பியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கொக்கி, அதில் பழைய நூல் புடவையில் கட்டிய தூளி. சி ஷிப்ட் முடித்த கணவர் காலை ஏழு மணிக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னலில் கம்பளி தொங்குகிறது. ஒன்பதரைக்குக் குழந்தை வீரிடுகிறது. அவள் அதை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, படியில் உட்கார்ந்து, முந்தானையைப் போர்த்திப் பால் கொடுக்கிறாள். "அவரு தூங்கணும். ராத்திரி மெஷின் முன்னாடி நிக்கணும்ல." சரிதான், மெஷினில் விரல் போனால் குடும்பமே போச்சு. ஆனால் அவள் எப்போது தூங்குவாள்? அந்தக் கேள்வியை அவளும் கேட்பதில்லை, அவரும் கேட்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "புள்ள ராத்திரி தூங்குதா?"

தூங்குது, ஆனா தூங்கலை

குழந்தை நன்றாகவே தூங்குகிறது என்பதுதான் வேடிக்கை. பிறந்து மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பெரியவர்களின் தூக்கத்தைப் போல இரண்டு மடங்கு. சிக்கல், அது துண்டு துண்டாக வருவதில். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், மீண்டும் பால். வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும், 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கேட்பது இயல்பு. இரவில் கேட்பதும் இயல்புதான். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கிறது.

இன்னொன்று. பச்சைக் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கண்ணிமைக்குள் விழி உருளும் தூக்கம். அப்போது குழந்தை முகத்தைச் சுளிக்கும், முனகும், கையைக் காலை உதறும், திடீரென்று சிரிக்கும். "நரி விரட்டுது" என்று பாட்டிமார் சொல்வார்களே, அது இந்த நேரம்தான். முதல் பிள்ளை பெற்றவள் இந்த முனகலைக் கேட்டதும் எழுந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிவிடுகிறாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை இப்போது நிஜமாகவே எழுந்துவிடுகிறது! ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் பல தடவை அதுவே அடங்கிப்போகும். ராத்திரியில் இப்படி இரண்டு எழுப்புதல் குறைந்தாலே அம்மாவுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

பகல் எது, இரவு எது என்று பிறந்த குழந்தைக்குத் தெரியாது. தூக்கத்துக்கான மெலடோனின் அதன் உடம்பில் ஒழுங்காகச் சுரக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை அது வெளிச்சத்தையும் சத்தத்தையும் பார்த்துத்தான் பழகுகிறது; இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் கொஞ்சம் மெலடோனின் வருவதும் ஒரு உதவி. இங்கேதான் ஷிப்ட் ஊரின் தனிப் பிரச்சினை. அப்பா பகலில் தூங்குவதற்காக அறை இருட்டாகிறது, எல்லோரும் கிசுகிசுவென்று பேசுகிறார்கள். இரவில் அவர் கிளம்பும் நேரத்தில் லைட், டிபன் பாக்ஸ், பைக் சத்தம். குழந்தை எதைப் பார்த்துப் பகலைக் கற்றுக்கொள்ளும்? சி ஷிப்ட் வாரத்தில் காலை வெயில் ஏறுமுன் குழந்தையை வாசலிலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ கொஞ்ச நேரம் வைத்திருந்து, பகல் பாலை வெளிச்சத்தில் பேசிக்கொண்டே கொடுத்து, இரவுப் பாலை மங்கல் விளக்கில் பேச்சில்லாமல் கொடுத்துப் பார்க்கலாம். வாசற்படியில் உட்காருகிற அந்தப் பெண் தெரியாமலேயே பாதி வைத்தியம் செய்துகொண்டிருக்கிறாள்.

அழுகைக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962-லேயே தாய்மார்களிடம் நாட்குறிப்பு எழுதி வாங்கிக் கண்டுபிடித்தது இது. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை ஏறிக்கொண்டே போய் ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வரும். பிறகு இறங்கி, மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். பெரும்பாலும் சாயங்காலமும் முன்னிரவும்தான் அந்த அழுகை. காரணம் தெரியாத அழுகைக்கு ஊரில் காரணத்துக்குப் பஞ்சமில்லை: திருஷ்டி, பால் பத்தலை, உரம் விழுந்துடுச்சு. திருஷ்டி சுற்றிப் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. உரம் எடுக்கிறேன் என்று பச்சைக் குழந்தையைத் துணியில் போட்டு உருட்டுவதும் உதறுவதும் ஆபத்து. கழுத்து நிற்காத தலையைக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். 'பேர் சொல்லாதது' என்று மரியாதையாகச் சொல்லப்படும் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதையும் விட்டுவிடலாம். அதிலுள்ள ஆசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் போதும். கிரைப் வாட்டருக்கும் இதே பதில்.

தூளியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. நாமெல்லாம் அதில் வளர்ந்தவர்கள். குழந்தையைச் சமாதானப்படுத்த அதைப்போல வேறொன்று கிடையாது, தனி ஆளாக இருக்கும் அம்மாவுக்கு அது இன்னொரு கை. ஆனாலும் மருத்துவம் சொல்வதை மறைக்க முடியாது. முதல் மாதங்களில் குழந்தை உடல் வளைந்து, மோவாய் நெஞ்சில் படிந்து கிடந்தால் மூச்சுப் பாதை அடைபடக்கூடும். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் அபாயம் கூடுதல். ஆகவே பகலில், கண்பார்வையில், தூங்க வைக்கத் தூளி இருக்கட்டும். தூங்கியதும், இரவு முழுக்கவும், தட்டையான கெட்டியான விரிப்பில் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1994-ல் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று ஒரு பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நிகழும் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை, இந்தப் பக்கத்தில் ராகித் தலையணை, எதுவும் வேண்டாம். விழித்திருக்கும்போது சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாட விட்டால் தலை தானாக வடிவுக்கு வந்துவிடும்.

ஓசூரின் மார்கழிக் குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரிக் கணப்பு மூட்டுவதும், கொசுவுக்குச் சுருள் கொளுத்துவதும் குழந்தை இருக்கும் அறையில் கூடவே கூடாது. கரிப் புகையில் வாசனையே இல்லாத நஞ்சு இருக்கிறது. அரசு மருத்துவமனைப் பிரசவங்களுக்கென 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பெட்டகத்தில் ஒரு கொசுவலையும் வைத்துக் கொடுத்தார்களே, அதைப் பிரித்துக் கட்டினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் "தூங்கட்டும் விடு" என்று இருக்கக் கூடாது. பாலுக்கே எழாமல் குழந்தை துவண்டு கிடந்தாலும், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், மூச்சு வாங்கினாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும் அன்றே, அந்த ராத்திரியே மருத்துவமனை. 108 இருக்கிறது.

ஏழாவது கேள்வி

இனி அம்மா. பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும். சின்னப் பேச்சுக்கும் கண் நிறையும். பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு இது வருகிறது. ஹார்மோன்கள் சடாரென்று இறங்குவதன் விளைவு. இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆறுதலாக நாலு வார்த்தை, சூடாகச் சாப்பாடு, தூக்கம், இதுதான் மருந்து.

இரண்டு வாரம் தாண்டியும் இருட்டு விலகவில்லை என்றால் அதற்குப் பெயர் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. இது பணக்கார நாட்டு வியாதி என்று நினைப்பவர்களுக்கு வேலூர் பக்கத்துக் கணியம்பாடி ஒன்றியத்தைக் காட்ட வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகள் 359 பேரைக் கடைசி மூன்று மாதத்திலும், பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் பார்த்துப் பேசினார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். 2002-ல் வெளியான அந்த ஆய்வு காரணங்களையும் வரிசைப்படுத்தியது: குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. கடைசிக் காரணத்தை இன்னொரு தடவை படிக்கலாம். ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஒரு குடும்பக் குறை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே அது நோய்க்கான காரணங்களில் ஒன்றாக நிற்கிறது.

இந்தியா முழுவதிலும் நடந்த 38 ஆய்வுகளை, இருபதாயிரம் தாய்மார்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. அதில் கிடைத்த விகிதம் 22 சதவீதம். ஐந்தில் ஒருத்திக்கு மேல்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 1987-ல் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய எடின்பரோ அளவுகோலில் மொத்தம் பத்துக் கேள்விகள். ஐந்து நிமிட வேலை. தமிழ் வடிவத்தைச் சரிபார்த்த ஆய்வு 2005-லேயே வந்துவிட்டது. பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. கேட்ட பிறகுதான் பலருக்கு மூச்சே வருகிறது.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது ஏழாவது கேள்வி. தூக்கம் கெட்டதா என்று அது கேட்கவில்லை. கைக்குழந்தைக்காரியின் தூக்கம் கெடாமல் இருக்குமா? மனசு நொந்துபோனதால் தூக்கம் வராமல் தவித்தாயா என்றுதான் கேட்கிறது. குழந்தை எழுப்பியதால் போன தூக்கம் ஒரு வகை, அதைக் கணவரோ மாமியாரோ இரண்டு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். குழந்தை தூங்குகிறது, வீடு அமைதியாக இருக்கிறது, யாரும் எழுப்பவில்லை, ஆனாலும் கண் மூடவில்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்றால் அது வேறு. மனநல மருத்துவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்கள். பாட்டிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கேட்கத் தெரிந்த கேள்விதான்: "புள்ள தூங்குறப்போ உனக்குத் தூக்கம் வருதா கண்ணு?"

வரவில்லை என்று பதில் வந்தால், கூடவே சாப்பாடு பிடிக்காமல் போயிருந்தால், "நான் நல்ல அம்மா இல்லை", "என்னாலதான் எல்லாருக்கும் தொல்லை" என்ற பேச்சு வந்தால், காத்திருக்க வேண்டாம். ரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் இதே முகத்தோடு வரும் என்பதால் மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்வார். பேச்சு வழிச் சிகிச்சை பலருக்குப் போதும். மாத்திரை தேவைப்பட்டாலும், பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக் கூடியவை இருக்கின்றன. மாத்திரை என்றதும் "பாலை நிறுத்து" என்று கிளம்பும் குடும்பத்தார் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசலாம்.

42-வது நாளுக்குப் பிறகு

நம் ஊரில் இதற்கெல்லாம் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது: தாய்வீடு. வளைகாப்பு முடித்து அழைத்துப் போவார்கள், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகு சீர் வைத்து அனுப்புவார்கள். அந்த நாட்களில் அவளுக்குச் சமையல் இல்லை, துணி இல்லை. குழந்தையைக் குளிப்பாட்ட அம்மாவோ, கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டத் தெரிந்த ஒரு பெரியம்மாவோ இருப்பார். ராத்திரி ஒரு தூக்கம் அம்மா, ஒரு தூக்கம் பாட்டி. எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். பத்தியம் என்று காயையும் தண்ணீரையும் குறைப்பது, தலைக்கு ஊற்றிய அன்றைக்குப் பகலில் தூங்கவே கூடாது என்று உட்கார வைப்பது, இவையும் அங்கேதான் நடந்தன. மூன்று இரவு முழித்தவளைக் குளித்த கையோடு தூங்காதே என்று மிரட்டுவதற்கு எந்த சாஸ்திரமும் இல்லை.

அரசின் நெருக்கமான கண்காணிப்பும் ஏறக்குறைய அந்தக் காலக்கட்டத்தோடு தளர்ந்துபோகிறது. பச்சைக் குழந்தையை வீடு தேடிப் பார்க்கும் தேசியத் திட்டத்தின் கடைசிச் சந்திப்பு 42-வது நாள். அதன் பிறகு அவள் திருவண்ணாமலைப் பக்கத்துத் தாய்வீட்டுப் பதிவேட்டிலிருந்து கழன்று, ஓசூர் லைன் வீட்டுக்கு வருகிறாள். மனச்சோர்வோ முதல் ஓராண்டில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அம்மா இல்லை, பாட்டி இல்லை, கணவர் சி ஷிப்ட். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து இங்கேயே பெற்றுக்கொண்ட பெண்ணுக்குத் தாய்வீட்டு மாதங்களே கிடையாது. பக்கத்து வீட்டோடு பேச மொழியும் கிடையாது. இவர்கள் நிச்சயமாகச் சுகாதார நிலையத்துக்கு வருவது தடுப்பூசிக்காக: ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம், பிறகு ஒன்பதாம் மாதம். ஊசி போட்டு அரைமணி நேரம் உட்கார வைக்கிறார்களே, அந்த அரைமணியில் பத்துக் கேள்வியை மூன்று தடவை கேட்டு முடித்துவிடலாம்.

வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இன்னொரு தேதி காத்திருக்கிறது. 2017-ன் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பார்க்க அனுமதி. தமிழ்நாடு அரசு ஊழியருக்கோ 12 மாதம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கடந்த ஓராண்டில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த 26 வார உரிமை உண்டு. வயிறு தெரிந்ததும் ஒப்பந்தமே புதுப்பிக்கப்படாமல் போவதும் உண்டு.

ஓசூர் ரோட்டில் ஒரு வார்டு

ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு வேறு விதமாகத் திரும்பும். முதல் இரண்டு வாரத்துக்குள், பெரும்பாலும் இரண்டு மூன்று இரவு சுத்தமாகத் தூக்கமே இல்லாமல் போன பிறகு, அவள் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்குவாள். குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பாள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாள், தூங்காமலே சுறுசுறுப்பாகச் சுற்றுவாள். ஊரில் பிரசவ ஜன்னி என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். கோயிலுக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் கழிப்பதற்குள் தாய்க்கும் குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிடலாம். இது அவசர நோய். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் நோயும்கூட. குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ மனநோய் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. அவளுடைய இரவுத் தூக்கத்தை மருந்தைப் போலக் காப்பாற்ற வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஓசூரின் பெயரைத் தாங்கிய சாலை பெங்களூருக்குள் போய் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் வாசலைத் தொடுகிறது. நாட்டிலேயே முதல்முறையாகத் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒன்றாக அனுமதிக்கும் மனநல வார்டு 2009-ல் அங்கேதான் தொடங்கியது. மனநல மருத்துவர் பிரபா சந்திராவின் குழு பிரிட்டிஷ் மாதிரியை அப்படியே எடுத்து வைக்கவில்லை. பிரிட்டனில் தாயும் சேயும் செவிலியரும் மட்டும். இங்கே குடும்பத்துப் பெண் ஒருவரும் உடன் தங்கலாம் என்று மாற்றினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நாளைக்கு வீட்டில் ராத்திரி குழந்தையை வாங்கிக்கொள்ளப் போகிறவர் அந்தப் பாட்டிதானே. எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று அவரும் வார்டிலேயே கற்றுக்கொள்கிறார்.

வீட்டுக்கு ஒரு ஷிப்ட் சார்ட்

எல்லாருக்கும் வார்டு தேவையில்லை. தூக்கம் தேவை. மருத்துவர்கள் கேட்பது தொடர்ச்சியாக நான்கு ஐந்து மணி நேரம் மட்டும். ஒரு மணி, அரைமணி என்று எட்டுத் துண்டாகச் சேர்த்தால் அந்தப் பலன் வராது.

ஏ ஷிப்ட் வாரத்தில் கணவர் மதியம் வந்து சாயங்காலம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்தால், அவள் ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் படுக்கலாம். நடுவில் குழந்தை எழுந்தால் அவரே தூக்கி, துணி மாற்றி, தோளில் போட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். பாலுக்குத்தான் என்றால் அவளிடம் கொண்டுவந்து, குடித்ததும் அவரே வாங்கி ஏப்பம் விட வைத்துப் படுக்க வைக்க வேண்டும். மூன்று நான்கு வாரமாகிப் பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய பிறகு, கழுவிக் கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையால், பீய்ச்சி மூடி வைத்த தாய்ப்பாலை அவரே புகட்டலாம். பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும்; ஓசூர் ராத்திரிக்கு அது சரியான கணக்கு. பி ஷிப்ட் வாரம் என்றால் காலை ஆறு முதல் பத்து வரை அவர் பொறுப்பு. சி ஷிப்ட்தான் கஷ்டம். அந்த வாரத்துக்கு ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வர வேண்டும், அல்லது மதியம் இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அந்த வீட்டிலும் நாளைக்கு ஒரு பிரசவம் வரும்.

"ஆம்பளைக்கு என்ன தெரியும்?" என்பவர்களுக்கு: சூப்பர்வைசர் இல்லாமல் ஒரு லைனையே ஓட்டத் தெரிந்தவருக்கு நாப்கின் மாற்றத் தெரியாமல் போகாது. அவருக்கும் மனசு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010-ல் வந்த ஒரு பன்னாட்டுத் தொகுப்பு ஆய்வின்படி, அப்பாக்களில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதுவும் குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் அதிகமாக. நம்மவர்கள் அதைச் சொல்லத் தெரியாமல் எரிந்து விழுவார்கள், ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், டாஸ்மாக்கில் உட்காருவார்கள். மத்திய அரசின் ஆண் ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. முதல் ஆறு வாரம் அவரை சி ஷிப்டில் போடாமல் இருப்பதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், ஷிப்ட் சார்ட் போடுகிறவர் மனசு வைத்தால் போதும். தூக்கமில்லாத அப்பா மெஷின் முன்னால் நிற்பது கம்பெனிக்கு மட்டும் லாபமா என்ன?

கடைசியாக ஒரு யோசனை. வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். அந்தப் பெண் தன்னார்வலர்கள் லைன் வீடுகளின் வாசலைத் தெரிந்தவர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்குத் தருகிறோம். அவள் மனசைக் கேட்க ஓர் ஆளையும் அனுப்ப முடியாதா? மருத்துவர் அல்லாதவர்கள் இதில் என்ன செய்துவிட முடியும் என்ற சந்தேகத்துக்குப் பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்கள் 2008-லேயே பதில் சொல்லிவிட்டன. மனச்சோர்வில் இருந்த 903 தாய்மார்களைக் கொண்ட அந்த ஆய்வில், சாதாரண சுகாதாரப் பணிப்பெண்கள் பயிற்சி பெற்று வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். ஆறு மாதத்தில், அவர்கள் பேசிய தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு மிச்சமிருந்தது. வெறுமனே பார்த்துவிட்டு வந்த மற்றப் பிரிவில் 53 சதவீதம்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தத் தன்னார்வலர் கூடுதலாகக் கேட்க வேண்டியது அந்த ஒரு கேள்வி: "புள்ள தூங்குறப்போ உனக்குத் தூக்கம் வருதா?" தூக்கம் வரவில்லை என்று பதில் வந்தால் அவளுடைய போனிலிருந்தே 14416-க்கு ஓர் அழைப்பு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் அது, கட்டணமில்லை, இருபது மொழிகளில் பேசுவார்கள். கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஒரு தகவல். அடுத்த தடுப்பூசி நாளில் மருத்துவ அலுவலரைப் பார்க்க ஒரு டோக்கன். தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர். ஓசூர், சூளகிரி, தளி, கெலமங்கலம் ஒன்றியங்களில் முதலில் செய்து பார்க்கலாம். அந்தக் கேள்வியைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் கேட்கத் தெரிந்த பெண்கள் இந்தத் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.